புலி இருந்ததா, இல்லையா? ஒரு நாவலில் உயிர்பிழைத்தலும் கதைசொல்லலும்

உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நாவலைக் கொடுத்து, "இதில் என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். மூச்சுவிடாமல் சொல்வார்கள். "சரி, இதன் கருப்பொருள் என்ன?" என்றதும் வகுப்பு அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து யாராவது "நம்பிக்கை" என்றோ "வறுமை" என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார்கள். அது தவறில்லை, ஆனால் பாதி வழிதான் வந்திருக்கிறோம். நாவல் எந்த விடயத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது என்பது முதல் பாதி. அந்த விடயத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது, எதைக் கேட்கிறது என்பது மறு பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் கருப்பொருள்.

ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொண்டு இதை விளக்கிப் பார்க்கிறேன். கனடிய எழுத்தாளர் யான் மார்ட்டெல் எழுதி 2001இல் வெளியான 'லைஃப் ஆஃப் பை'. 2002இல் புக்கர் பரிசு பெற்றது, 2012இல் ஆங் லீ இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. எங்கள் இலங்கை மலையகத்து இளைஞர்களில் படத்தைப் பார்த்தவர்கள் உண்டு, நாவலைத் தொட்டவர்கள் குறைவு. படத்தில் கடலும் புலியும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் நாவலின் பேச்சில் இருக்கிறது. முடிவைச் சொல்லாமல் விளக்க வழியில்லை என்பதால், முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் நாவலை முடித்துவிட்டு இங்கே வரலாம்.

கதை இதுதான். பை படேல் புதுச்சேரியில் வளர்ந்த பையன். அப்பா அங்கே மிருகக்காட்சிசாலை நடத்துகிறார். இந்தியாவில் அவசரநிலைக் கால அரசியலால் மனம் வெறுத்த அப்பா, 1977இல் குடும்பத்தோடு கனடாவுக்குக் கப்பல் ஏறுகிறார். விற்கப்பட்ட மிருகங்கள் சிலவும் அதே கப்பலில் வருகின்றன. பசிபிக் கடலில் கப்பல் மூழ்குகிறது. உயிர்காப்புப் படகில் மிஞ்சியவர்கள் பை, கால் முறிந்த ஒரு வரிக்குதிரை, ஒரு கழுதைப்புலி, ஒரு ஒராங்குட்டான், ரிச்சர்ட் பார்க்கர் என்ற பெயருள்ள ஒரு வங்கப் புலி. கொஞ்ச நாளில் பையும் புலியும் மட்டுமே மிஞ்சுகிறார்கள். 227 நாள் கடலில் கிடந்து மெக்சிக்கோ கரையை அடைகிறார்கள். புலி ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விடுகிறது.

உயிரைப் பிடித்து வைத்திருப்பது எது?

கைநூல்கள் 'உயிர்பிழைத்தல்' என்று ஒரு பத்தியும் 'கதைசொல்லல்' என்று இன்னொரு பத்தியும் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். இரண்டையும் பிரித்தால் இந்த நாவல் கையில் நிற்காது. பை கதை சொல்லித்தான் பிழைக்கிறான். கரை சேர்ந்த பிறகும் கதையை வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறான்.

முதலில் உடம்பின் பாட்டைப் பார்ப்போம். தண்ணீர், உணவு, நிழல், பயம். படகில் இருந்த கையேட்டைப் பார்த்துக் கடல்நீரை வெயிலில் ஆவியாக்கி நன்னீர் எடுக்கப் பழகுகிறான். துடுப்புகளையும் மிதவைச் சட்டைகளையும் கட்டி ஒரு தெப்பம் செய்து, புலியிடமிருந்து தள்ளி இருக்கிறான். விசில் ஊதி, படகை ஆட்டிப் புலிக்கு மயக்கம் வரச்செய்து, தன் எல்லை எது என்று அதற்குப் பழக்குகிறான். இவற்றையெல்லாம் நாவல் அவசரப்படாமல், ஒரு தொழில் கற்றுக்கொடுப்பதுபோலச் சொல்கிறது.

மரக்கறி மட்டுமே சாப்பிட்டு வளர்ந்தவன், முதன்முதலாக ஒரு பறவைமீனைக் கொல்லும்போது அழுகிறான். பிறகு ஆமையை அறுத்து இரத்தம் குடிக்கும் நிலைக்கு வருகிறான். உயிர்பிழைத்தல் என்ற கருப்பொருளின் மறு பாதி இங்கேதான் தொடங்குகிறது. 'அவன் தைரியசாலி, தப்பித்தான்' என்று எழுதினால் இது தவறிப்போகும். தப்பிப்பதற்காக அவன் எதையெல்லாம் கொடுத்தான், கொடுத்த பிறகு அவன் அதே பை தானா என்பதுதான் நாவலின் கேள்வி.

புலியைப் பற்றி பை சொல்வதும் விசித்திரமானது. அது இல்லாவிட்டால் தான் செத்திருப்பேன் என்கிறான். பயம் அவனைத் தூங்கவிடவில்லை. அதற்கு இரை தேட வேண்டும் என்ற கடமை அவனுக்கு ஒரு நாள் வேலையைக் கொடுத்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வீட்டில் சாவு விழுந்தாலும் மாட்டுக்குப் புல் அறுக்கத்தான் வேண்டும், அந்தப் புல்லுக்கட்டுதான் ஆளை எழுப்பி நடக்கவைக்கும்.

இனி, கதைசொல்லல். அது கடலில் தொடங்குவதில்லை, பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. பையின் முழுப்பெயர் பிஸீன் மொலிட்டோர் படேல், பாரிஸ் நகரத்து நீச்சல்குளம் ஒன்றின் பெயர். அந்தப் பெயரைச் சிறுநீரோடு சேர்த்துச் சக மாணவர்கள் கேலி செய்கிறார்கள். அவன் என்ன செய்கிறான் தெரியுமா? புதிய பள்ளிக்குப் போன முதல் நாளே கரும்பலகையில் தன் பெயரைச் சுருக்கி 'பை' என்று எழுதி, பக்கத்தில் 3.14 என்று கணக்கையும் போட்டு, வட்டத்தையும் வரைகிறான். ஒவ்வொரு பாட வேளையிலும் அதையே திரும்பச் செய்கிறான். கேலிப்பெயர் உதிர்ந்து, அவன் சொன்ன பெயர் ஒட்டிக்கொள்கிறது. தன்னைப் பற்றி மற்றவர்கள் சொன்ன கதையை நிறுத்த, தானே ஒரு கதை சொல்கிறான். நாவலின் பெரிய விடயம் முழுவதும் இந்தச் சின்ன நிகழ்ச்சியில் விதையாக இருக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் கட்டாயம் எடுத்துக்காட்ட வேண்டும்.

கடலில் அவன் நாட்குறிப்பு எழுதுகிறான், பேனா மை தீரும்வரை. பிரார்த்தனை செய்கிறான், இந்து சமயம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றும் அவனுக்கு வேண்டும். மனம் உடைந்துபோகும் நேரத்தில், சட்டைத் துணியில் கட்டிய தலைப்பாகையைத் தொட்டு இது கடவுளின் தொப்பி என்கிறான், புலியைக் காட்டி இது கடவுளின் பூனை என்கிறான். கந்தல் கந்தலாகத்தான் இருக்கிறது, பசியும் தீரவில்லை. ஆனால் பெயர் வைத்தவுடன் அவன் வெறும் அனாதையாகக் கிடப்பவன் அல்ல, ஒரு கதைக்குள் இருப்பவன்.

ஏடு சொல்லாததைப் பாட்டு சொல்லும்

பிழைப்பதற்கும் கதை சொல்வதற்கும் உள்ள இந்த இணைப்பை நாங்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். 1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயம் மாறவில்லை. கங்காணியின் கடனும் 'துண்டு' என்ற சீட்டாக ஆளோடு சேர்ந்தே தோட்டம்விட்டுத் தோட்டம் போனது.

தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் ஆளின் பெயர் இருக்கும், எத்தனை நாள் 'பேர்', அதாவது நாட்கூலி, விழுந்தது என்று இருக்கும், பிடித்த கடன் இருக்கும். அந்த ஆள் யாரை வழியில் புதைத்துவிட்டு வந்தார் என்பதற்கு அதில் நிரல் கிடையாது. அது பாட்டில் இருக்கிறது. தூரத்து மலையைக் காட்டி, கோப்பிக் கன்று நட்ட மலை அது, என் அண்ணனைப் பறிகொடுத்த மலையும் அதுதான் என்று சொல்லும் நாட்டார் பாட்டு மலையகத்தில் தெரியாதவர் குறைவு. தோட்ட வரைபடத்தில் அந்த மலைக்கு ஏக்கர்க் கணக்கு உண்டு. அண்ணன் பாட்டில் மட்டும்தான் இருக்கிறார்.

2023இல், மலையகத்துக்கு 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்தபோது, பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியைக் கால்நடையாக நடந்தார்கள். அதுவும் கதைசொல்லல்தான் என்பது என் எண்ணம். வாயால் சொல்லாமல் காலால் சொன்னார்கள்.

இரண்டாவது கதை

இப்போது நாவலின் மூன்றாம் பகுதிக்கு வருவோம். மெக்சிக்கோவில் மருத்துவமனைக் கட்டிலில் பை கிடக்கிறான். ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சிலிருந்து ஒகமோட்டோ, சிபா என்ற இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். கப்பல் ஏன் மூழ்கியது என்று அவர்கள் அறிக்கை எழுத வேண்டும். பேச்சு ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. நாவல் அதைக் கேள்வி பதிலாகவே தருகிறது. பை கடல் கதையைச் சொல்கிறான். 97ஆம் அத்தியாயம் முழுவதும் அதுதான், 'கதை' என்பதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை. 227 நாட்களை அதிகாரிகளின் பதிவு எவ்வளவு சிறிதாக மடிக்கிறது பாருங்கள்.

அதிகாரிகளால் நம்ப முடியவில்லை. ஒராங்குட்டான் வாழைப்பழக் குவியலின்மேல் மிதந்து வந்தது என்கிறான், வாழைப்பழம் மிதக்காது என்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்க்கச் சொல்கிறான். மிதக்கிறது. ஆனாலும் புலியை ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நடந்ததை மட்டும் சொல் என்கிறார்கள். அப்போது இரண்டாவது கதையைச் சொல்கிறான். அதில் மிருகங்கள் இல்லை. படகில் நான்கு மனிதர்கள்: கால் முறிந்த இளம் மாலுமி, கப்பல் சமையல்காரன், பையின் தாய், பை. சமையல்காரன் மாலுமியின் காலை வெட்டுகிறான், மாலுமி செத்துப்போகிறான். பிறகு சமையல்காரன் தாயைக் கொல்கிறான். பை சமையல்காரனைக் கொல்கிறான். வரிக்குதிரை மாலுமி, கழுதைப்புலி சமையல்காரன், ஒராங்குட்டான் தாய், அப்படியானால் புலி யார் என்பதை அதிகாரிகளே கணக்குப் போட்டு, அதிர்ந்துபோகிறார்கள்.

இரண்டு கதையிலும் கப்பல் ஏன் மூழ்கியது என்பதற்கு விடை இல்லை. இரண்டையும் நிரூபிக்கவும் முடியாது. அதனால் பை கேட்கிறான்: எது நல்ல கதை? மிருகங்கள் உள்ள கதை என்று இருவரும் சொல்கிறார்கள். கடைசியில் ஒகமோட்டோவின் அறிக்கையிலும் புலி இடம்பிடித்துவிடுகிறது.

புதிதாக நாவல் படிக்கிறவர்கள் இங்கே வழுக்குவது வழக்கம். "இரண்டாவதுதான் உண்மை, முதலாவது அவன் கட்டியது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இதற்கு மாசி மாதத்துக் காமன் கூத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். தோட்டங்களில் காமன் நட்டு, ரதியையும் மதனையும் ஆடவிட்டு, கடைசியில் காமனை எரிப்பார்கள். காமன் பண்டிகையோடு சேர்ந்து வளர்ந்த வாதப் பாட்டான லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு தரப்பு உண்டு. சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தான் என்று ஒரு தரப்பு வாதாடும், எரியவில்லை என்று மறு தரப்பு வாதாடும். கதையோ இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. எரிந்தவனை, ரதி அழுது கேட்டதால், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி சிவன் திருப்பித் தருகிறார். ஊருக்கு அவன் சாம்பல், ரதிக்கு உயிரோடு நிற்கும் கணவன்.

பையின் புலியை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். அது அவன் கண்ணுக்குத் தெரிந்த புலி. அதிகாரிகள் பார்க்கவில்லை என்பதால் அது பொய்யாகிவிடாது. அவன் பார்த்தான் என்பதால் அதை மெக்சிக்கோ காட்டில் தேடிப் பிடிக்கவும் முடியாது. தாயின் சாவைக் கண்ட பிள்ளை, தான் செய்ததையும் சுமந்துகொண்டு, அடுத்த நாள் காலையில் கண் விழிக்க வேண்டும். அதற்கு அவனுக்குப் புலி வேண்டியிருந்தது.

இன்னொரு தடயமும் இருக்கிறது. கடல் கதை ஏறத்தாழ நாவல் முழுவதும் நீள்கிறது. மனிதர்கள் மட்டும் உள்ள கதை ஒரே அத்தியாயத்துக்குள் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. ஒரு நாவல் எதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பார்ப்பது கருப்பொருளைக் கண்டுபிடிக்க நல்ல வழி. இங்கே அந்தச் சிறிய கதைதான் பெரிய கதையின் கனத்தைக் காட்டுகிறது. அதைக் கேட்ட பிறகு, அந்த 227 நாள் கதை எவ்வளவு துக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று முதல்முறையாகத் தெரிகிறது.

எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடமும் உண்டு. நாவலின் முன்னுரையில், கடவுளை நம்பவைக்கும் கதை இது என்று ஒரு முதியவர் அறிமுகம் செய்கிறார். கடைசியில் பையும் அந்தப் பக்கமே சாய்கிறான்: நல்ல கதையைத் தேர்ந்துகொள்வதும் கடவுளை நம்புவதும் ஒன்று என்பதுபோல. இது எனக்குப் போதவில்லை. 'நல்ல கதை' என்பது யார் வாயிலிருந்து வருகிறது என்று கேட்காமல் அதை ஏற்கக்கூடாது. மலையகத்தைப் பற்றியும் நல்ல கதை ஒன்று உலகம் முழுவதும் போயிருக்கிறது. தேயிலைப் பெட்டியின்மேல் பச்சை மலை, கூடையோடு சிரிக்கும் பெண். மழையில் அட்டை கடித்த கால் அந்தப் படத்தில் இல்லை, லயத்தின் ஒழுகும் தகரமும் இல்லை. அந்தக் கதையைச் சொன்னது கொழுந்து பறித்தவர் அல்ல.

பையின் கதைக்கும் பெட்டிப் படத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பை தன் சொந்த வலிக்குத் தானே உருவம் கொடுக்கிறான். கேட்பவர் கேட்டால் மற்றக் கதையையும் சொல்கிறான், எதையும் மறைக்கவில்லை. பெட்டிப் படம் அடுத்தவரின் வலியை அழித்துவிட்டு வரையப்பட்டது. பிழைத்தவரே சொல்கிற கதையா, பிழைத்தவரை ஒதுக்கிவிட்டுச் சொல்லப்படும் கதையா என்ற கேள்வியை இந்த நாவலோடு சேர்த்து வைத்தால், அதன் கருப்பொருள் இன்னும் ஆழமாகத் திறக்கும்.

காலமும் இங்கே ஒரு விடயத்தைச் சேர்க்கிறது. பை கப்பல் ஏறும் அதே 1977இல், எதிர்த்திசையில் எங்கள் ஆட்கள் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. ஹட்டன் பக்கத்து ஸ்டேஷன்களில் வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையில் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல், அப்புறம் இராமேஸ்வரம். இங்கே இந்தியாக்காரர் என்று அழைக்கப்பட்டவர்கள், அங்கே போய்ச் சிலோன்காரர் என்று அழைக்கப்பட்டார்கள். கரும்பலகையில் தன் பெயரைத் தானே எழுதிய அந்தப் பையனை இவர்களோடு சேர்த்துத்தான் என்னால் நினைக்க முடிகிறது.

கரை சேர்ந்தால் உயிர்பிழைத்தல் முடிந்துவிடுமா? நாவல் இல்லை என்கிறது, அதையும் போகிற போக்கில் சொல்கிறது. பல ஆண்டு கழித்துக் கனடாவில் அவனைச் சந்திக்கும் எழுத்தாளர், வீட்டு அலுமாரிகள் எல்லாம் உணவுப் பொருளால் நிரம்பி வழிவதைக் கவனிக்கிறார். அந்த மருத்துவமனைக் கட்டிலிலும் அவன் அதிகாரிகளிடம் பிஸ்கட் கேட்டு வாங்கிப் போர்வைக்குள் ஒளித்து வைக்கிறான். ஒரு பக்கம் கதை நடக்கிறது, இன்னொரு பக்கம் கை உணவைப் பதுக்குகிறது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் வந்த பஞ்சத்தை அனுபவித்த பாட்டிமாரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரிசி டின் அடி தெரியும்வரை அவர்கள் விடமாட்டார்கள்.

விடை எழுதும்போது இந்த மாதிரிச் சின்னச் சின்ன இடங்களைப் பிடியுங்கள். "இந்நாவல் உயிர்பிழைத்தலின் முக்கியத்துவத்தைக் கூறுகிறது" என்ற வாக்கியத்தை எந்த நாவலுக்கும் எழுதலாம். பிஸ்கட்டை ஒளிக்கும் கையை எழுதினால் அது இந்த நாவலுக்கு மட்டுமே பொருந்தும். ஒவ்வொரு இடத்திலும் யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், கேட்பவருக்கு என்ன வேண்டும், சொல்பவருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். அதிகாரிகளுக்கு அறிக்கை வேண்டும், பைக்குத் தன் துக்கத்துக்கு ஒரு வடிவம் வேண்டும். தன் கதையைச் சரியாக நூறு அத்தியாயத்தில் சொல்ல முடியுமா என்று அவன் அந்த எழுத்தாளரிடம் கேட்கிறான். நாவலும் நூறு அத்தியாயம்தான். புலி விடைபெறாமல் போனதை நினைத்து அவன் காலம் முழுக்கக் கலங்குவதும், அங்கே அவனுக்கு அந்த வடிவம் கிடைக்காததால்தான்.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் மூன்றாம் பகுதியில் தொடங்கலாம். பெரும்பாலும் பேச்சுத்தான், வாக்கியங்கள் குட்டையானவை. மூன்று பேர் சேர்ந்து பை, ஒகமோட்டோ, சிபா என்று பிரித்துக்கொண்டு சத்தமாக வாசியுங்கள். அதிகாரிகள் இருவரும் நடுவில் பைக்கு விளங்காத ஜப்பானிய மொழியில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வரிகள் வேறு எழுத்துருவில் அச்சாகியிருக்கும். அவற்றை மட்டும் தாழ்ந்த குரலில் வாசித்தால், யார் எதை நம்பத் தொடங்குகிறார், எந்த இடத்தில் தொடங்குகிறார் என்பது காதிலேயே விழும்.